நனோப் பசளையும் கமக்காரர் நலமும்

2021ஆம் ஆண்டுக் காலபோகத்திலே, என் பிரிவிலுள்ள வயல்வெளி ஒன்றில் நனோ நைதரசன் என்னும் திரவப் பசளையைக் கமக்காரருக்குப் பங்கிட்டுக் கொடுத்தோம். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் முடியுமுன் அத்தடை நீக்கப்பட்டதாயினும், விதைப்புக்கும் முதற் பசளைக்கும் உரிய காலம் அதற்குள் கடந்துவிட்டது. யூரியாவுக்குப் பதிலாக ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தியாவிலிருந்து விமானமூலம் இத்திரவம் தருவிக்கப்பட்டது. பயிர் வெளிறி நின்ற நேரமாதலின், எவரும் அதிகம் விசாரியாமல் வாங்கிச் சென்றனர்.

முதிய கமக்காரர் ஒருவர் மட்டும் என்னை வரம்போரமாக அழைத்து, "தம்பி, இதை விசிறேக்க மூக்கைக் கட்டவேணுமோ? மிச்சத்தை வாய்க்காலுக்கை ஊத்தலாமோ?" என்று கேட்டார். "யூரியாதானே ஐயா, ஒன்றும் பயமில்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பின்னரே, அவ்விடை சரியானதோ பிழையானதோ என்பது எனக்குத் தெரியாதென உணர்ந்தேன். கமத்தொழிற் பாடசாலையில் யான் கற்ற பாடம் ஒன்றிலேனும் நனோ என்னுஞ் சொல் வந்ததில்லை. அவருடைய இரு கேள்விகளுக்கும் உரிய விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. நனோ என்ற பெயருடன் பசளையும், நாகக் கலவையும், வெள்ளிக் கலவையும், பீடைநாசினியும் உலகச் சந்தைக்கு வந்துள்ளமையால், இவ்விடயம் நெற் கமக்காரருக்கும் மரக்கறிக் கமக்காரருக்கும் ஒருங்கே வேண்டியதாகும்.

நனோ என்பது யாது?

நனோ என்பது ஒரு பொருளின் பெயரன்று. ஓர் அளவின் பெயர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். ஒரு நனோமீற்றருக்கும் நூறு நனோமீற்றருக்கும் இடைப்பட்ட பருமனுடைய துணிக்கைகளையே விஞ்ஞானிகள் நனோத் துணிக்கைகள் என்பர். நெல்மணியின் நீளத்தை எட்டு மில்லிமீற்றர் என வைத்துக்கொள்வோம். நூறு நனோமீற்றர்த் துணிக்கை ஒன்று ஒரு நெல்மணியளவுக்குப் பெருக்குமாயின், அதே விகிதத்தில் நெல்மணியோ 640 மீற்றர் நீளமாகப் பெருகிக் கிடக்கும். இத்துணிக்கைகள் எவ்வளவு சிறியவை என்பதை இவ்வுதாரணங் கொண்டு உணர்க.

இத்தகைய துணிக்கைகள் உலகுக்குப் புதியனவல்ல. அடுப்புப் புகையிலும், வைக்கோல் எரிக்கும் புகையிலும், உழவு இயந்திரத்தின் புகையிலும் இவை பெருந்தொகையாக உண்டு. களிமண்ணிலும் உண்டு. ஆதலின் நனோ என்றவுடன் நஞ்சென்று அஞ்சுவது அறிவன்று. இயற்கையில் உள்ளதுதானே என்று அலட்சியஞ் செய்வதும் அறிவன்று. அடுப்புப் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் நம் பெண்கள் நெஞ்சுநோயால் வருந்துவதை எந்தக் கிராமத்திலும் காணலாம்.

சிறுமையினால் வரும் மாற்றம்

ஒரு பொருளைப் பொடியாக்கினால் அதன் நிறை மாறுவதில்லை. அதன் மேற்பரப்பே பெருகுகின்றது. கட்டியாகக் கிடக்கும் சுண்ணாம்பைவிடப் பொடித்த சுண்ணாம்பு மண்ணில் விரைவாக வேலைசெய்வது இதனாலேயாம். பக்கம் ஒரு சதமமீற்றர் உடைய சிறு கனக்கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு பக்கங்களையுங் கூட்டினால் மேற்பரப்பு ஆறு சதுர சதமமீற்றர். அதனையே ஒவ்வொரு நனோமீற்றர்ப் பக்கமுடைய துண்டுகளாக வெட்ட முடியுமாயின், துண்டுகள் யாவற்றினதும் மேற்பரப்பு 6000 சதுர மீற்றராகும். இது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். யாழ்ப்பாணக் கணக்கில் 24 பரப்பு. விரல் நுனியில் வைக்கத்தக்க ஒரு கட்டி, ஒன்றரை ஏக்கர் மேற்பரப்போடு நம் உடலுக்குள்ளோ மண்ணுக்குள்ளோ செல்கின்றது என்பதை எண்ணிப் பார்க்க.

உடலோடு உறவாடுவது பொருளின் மேற்பரப்பே. அமெரிக்காவின் ரோச்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் குந்தர் ஒபடோர்ஸ்டர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் சேர்ந்தோரும் 1990களில் எலிகளைக்கொண்டு நடத்திய சோதனை இதனை விளக்கியது. வெண்ணிறப் பூச்சுகளிற் சேர்க்கப்படும் தைத்தானியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடியை, 20 நனோமீற்றர்த் துணிக்கைகளாகவும் 250 நனோமீற்றர்த் துணிக்கைகளாகவும் அவர்கள் எலிகளின் நுரையீரலிற் சேர்ப்பித்தனர். நிறைக்கு நிறை ஒப்பிட்டபோது சிறிய துணிக்கைகளே மிகுந்த அழற்சியை விளைவித்தன. நிறையை விட்டு மேற்பரப்பைக்கொண்டு ஒப்பிட்டபோதோ இரண்டும் ஒரே ஒழுங்கில் அமைந்தன. அதாவது, பொருள் ஒன்றே. தீங்கு செய்யும் அளவு வேறு.

இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக, அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 2011இல் இப்பொடிக்கு இரு வேறு எல்லைகளை விதந்துரைத்தது. தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில், ஒரு கன மீற்றருக்குச் சாதாரணப் பொடியாயின் 2.4 மில்லிகிராமும், மிக நுண்ணிய பொடியாயின் 0.3 மில்லிகிராமும் மேலெல்லையாகும். ஒரே பொருளுக்கு எட்டிலொரு பங்கு எல்லை! 'யூரியாதானே' என்று யான் சொன்ன விடையின் குறை இங்கேதான் இருக்கின்றது. 'இது இன்ன பொருள்தானே' என்னும் வாதம் நனோப் பொருள்களுக்குப் போதாது. அதன் பருமனையும் வடிவையுங் கூடக் கேட்கவேண்டும்.

கரைவனவும் கரையாதனவும்

எனினும் பருமன் ஒன்றே எல்லாமன்று. உப்பும் மணலும் கண்ணுக்கு ஒரே பருமனாகத் தோன்றினும், தண்ணீரில் இட்டவுடன் உப்பு மறைகின்றது, மணல் தங்குகின்றது. நனோத் துணிக்கைகளும் அவ்வாறே. தண்ணீரில் முற்றாகக் கரைந்துவிடும் துணிக்கை, கரைந்தபின் நனோத் துணிக்கையாக இருப்பதில்லை, சாதாரண கரைசலாகிவிடுகின்றது. யூரியா நன்றாகக் கரையும் பொருள். ஆகவே உண்மையான யூரியா மட்டுமே நீரிற் கரைந்திருக்குமாயின், அது உடலுக்கு யூரியாக் கரைசல் செய்வதைவிட அதிகமாக ஒன்றுஞ் செய்யக் காரணமில்லை. அதனோடு சேர்த்த பூச்சுப் பொருளும், துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சேர்த்த பொருளுமே பின்னர் விசாரிக்கவேண்டியவை. நாக ஒட்சைட்டு சிறிது சிறிதாகக் கரைந்து நாகத்தை வெளிவிடும். அங்கே நாகத்தின் அளவே நன்மையும் தீமையுமாகும். கரையாது நெடுங்காலம் தங்கும் துணிக்கைகளே ஆராய்ச்சியாளருக்குப் பெருங்கவலை தருபவை.

கரையாத பொருளின் வடிவு எத்துணை முக்கியமானது என்பதைக் கல்நார் நமக்குக் கற்பித்தது. நம் நாட்டிற் பல வீடுகளின் கூரைத்தகடுகளில் உள்ள அதே கல்நாரின் நுண்ணிழைகள் நுரையீரலுக்குட் சென்றால் அங்கேயே தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. நம் உடலில், அந்நியத் துணிக்கைகளை விழுங்கித் துப்புரவு செய்யும் கலங்கள் உண்டு. அவை உருண்டைத் துணிக்கையை விழுங்கிவிடும். தம்மினும் நீண்ட இழையை விழுங்கமாட்டாமல், பாதி விழுங்கிய பாம்பைப்போலத் திணறிச் சேதமுறுகின்றன.

2008இல் எடின்பரோவிலுள்ள ஆராய்ச்சியாளர், காபன் நனோக் குழாய்கள் என்னும் புதுப்பொருளைச் சுண்டெலிகளின் வயிற்றறையிற் செலுத்திப் பார்த்தனர். நீண்டு நேராக உள்ள குழாய்கள் கல்நாரைப் போன்றே அழற்சியைத் தோற்றுவித்தன. குறுகியனவும் சுருண்டு சிக்கலாய்க் கிடந்தனவும் அவ்வாறு செய்யவில்லை. இரண்டும் காபனே, வடிவே வேறுபாடு. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அக்குழாய்களில் ஒரு வகையை மட்டும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என வகுத்தது. ஏனையவற்றுக்குப் போதிய சான்று இல்லையென ஒதுக்கி வைத்தது. ஒரு வகைக்குச் சொன்னதை மற்றொரு வகைக்கு ஏற்றிச் சொல்லாத இந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

உணவிலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. மேலே கூறிய தைத்தானிய வெண்பொடி இனிப்புப் பண்டங்களை வெண்மையாக்க நெடுங்காலம் சேர்க்கப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2021இல் அதனை மீள ஆராய்ந்து, கலங்களின் பரம்பரைப் பொருளுக்கு அது சேதம் விளைவிக்கலாம் என்னும் ஐயத்தை நீக்க முடியவில்லை என்றது. 2022இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது உணவிற் சேர்க்கத் தடையாயிற்று. தீங்கு நிறுவப்பட்டது என்று அவர்கள் கூறவில்லை. தீங்கில்லை என்று உறுதிகூற இயலவில்லை என்றே கூறினர். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைக்காரரும் பத்திரிகைகளும் மறந்துவிடுவது வழக்கம்.

மண்ணும் வேர்முடிச்சும்

இனி, நம் தொழிலுக்கு நேரடியாக உரிய பகுதிக்கு வருவோம். பயறும் உழுந்தும் கௌப்பியும் போன்ற அவரையினங்களைப் பிடுங்கிப் பார்த்தால் வேரிற் சிறு முடிச்சுகள் இருக்கும். அம்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குப் பசளையாக மாற்றிக் கொடுக்கின்றன என்பது நம் கமக்காரர் அறிந்ததே. 2012இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராப் பல்கலைக்கழகத்தார், நனோ நாக ஒட்சைட்டையும் நனோச் சீரியம் ஒட்சைட்டையும் மண்ணிற் கலந்து சோயா அவரையை விதைமுதல் விளைவுவரை வளர்த்தனர். சீரியம் சேர்ந்த மண்ணில் வேர்முடிச்சுகள் நைதரசனைச் சேர்க்கும் வேலை குன்றியது. மிகுந்த அளவு இட்டபோது ஏறக்குறைய நின்றேவிட்டது. நாகம் சேர்ந்த மண்ணிலோ பயிர் வாடவில்லை. ஆயின் இலையிலும் அவரையிலும் நாகம் திரண்டது. சீரியத்தை எவரும் பசளையாக இடுவதில்லை. டீசலிற் சேர்க்கும் பொருள்களிலிருந்து அது மண்ணை அடையலாம் என்பதனாலேயே சோதித்தனர். ஆயினும், இலவசமாகப் பசளை தரும் பற்றீரியா கண்ணுக்குத் தெரியாமலே செயலிழக்கலாம் என்பது அவரையினச் செய்கையாளர் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தியாகும்.

வெள்ளித் துணிக்கைகள் பற்றீரியாக்களைக் கொல்லும் தன்மையுடையன. அதற்காகவே அவை துணிகளிலும் பாத்திரங்களிலும் பூசப்படுகின்றன. பயிர்நோய்க்கு விசிறவும் சில நாடுகளில் விற்கப்படுகின்றன. நோய்க்கிருமியைக் கொல்வது நற்கிருமியையும் கொல்லுமன்றோ? 2013இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், வயலிலே வைத்த பெருந்தொட்டிகளில் கழிவுநீர்ச் சேற்றுடன் மிகக் குறைந்த அளவு வெள்ளித் துணிக்கைகளைக் கலந்து பார்த்தபோது, மண்ணின் நுண்ணுயிர்த் தொகுதி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஒரு செடியினத்தின் வளர்ச்சியும் குன்றியது.

இத்தொட்டிச் சோதனையை யான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. முந்திய சோதனைகள் பல, கண்ணாடித் தட்டில் விதையை வைத்து, லீற்றருக்கு 2000 மில்லிகிராம் போன்ற பேரளவுத் துணிக்கைகளை ஊற்றி, வேர் வளரவில்லை என்று எழுதியவை. அவ்வளவு ஊற்றினால் சாதாரண உப்பும் பயிர்களை வருத்தும். உண்மை வயலில் துணிக்கைகள் தனித்து நிற்பதில்லை. களியோடும் உக்கலோடும் ஒட்டித் திரள்கின்றன. வெள்ளியாயின் கந்தகத்தோடு சேர்ந்து தீங்கு குறைந்த பொருளாக மாறவுங் கூடும். மண்ணிலே இயற்கையாக உள்ள எண்ணிலடங்காத நுண்டுணிக்கைகளுக்குள்ளே நாம் இட்டவற்றைத் தேடிக் காண்பதும் அரிது. நெற்குவியலில் நேற்றுக் கலந்த நெல்லைத் தெரிந்தெடுப்பது போன்ற வேலை அது. பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2006இல் இதற்கெனத் தனிக் குழு அமைத்து, எல்லா நாட்டுக்கும் பொதுவான சோதனை முறைகளை ஒவ்வொன்றாக வகுத்துவருவது இதனாலேயாம். ஒரு சோதனையின் முடிவைப் படித்துவிட்டு நனோ முழுவதும் நஞ்சென்றோ நலமென்றோ எவரேனும் கூறினால் நம்பற்க.

பிரித்தானியாவின் அரச விஞ்ஞானக் கழகம் 2004இலேயே ஓர் அறிவுரை கூறிற்று: போதிய அறிவு கிடைக்கும்வரை, தயாரிக்கப்பட்ட நனோத் துணிக்கைகளைச் சூழலுக்குட் செல்லவிடுவதை இயன்றவரை தவிர்க்க என்பதே அது. பசளையும் பீடைநாசினியும் சூழலுக்குள் இடுவதற்கென்றே செய்யப்படுபவை. ஆகவே ஏனைய பொருள்களைவிட இவற்றைக் கடுமையாகச் சோதித்தல் முறை. டி.டி.ரி.யைக் கண்டுபயன்படுத்தியவருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. நுளம்பை ஒழித்து இந்நாட்டில் எண்ணிறந்த உயிரைக் காத்த மருந்தே அது. அது கொழுப்பிற் சேர்ந்து பறவைகளையும் மீன்களையும் கெடுப்பதை உலகம் உணர்ந்தது பின்னரே. அன்று வயலில் அதை விசிறச் சொன்ன போதனாசிரியர்கள் தீயவர்களல்லர். தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள்.

நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்று

நனோப் பசளையை நன்முறையில் அமைக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. அது நம் நாட்டிலேயே உண்டு. ஹோமாகமையிலுள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், யூரியாவை ஐதரொட்சி அபற்றைற்று என்னும் பொருளின் நனோத் துணிக்கைகளோடு பிணைத்து ஒரு பசளை செய்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். இப்பொருள் கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்தது. நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கனிப்பொருளே அது. சாதாரண யூரியாவைவிடப் பன்னிரண்டு மடங்கு மெதுவாக இப்பசளை நைதரசனை விட்டது. யூரியாவை அரைப்பங்காகக் குறைத்த நெல் வயலிலும் விளைவு குன்றவில்லை என அவர்கள் கண்டனர். துணிக்கைக்கு எப்பொருளைத் தெரிந்தெடுப்பது என்னும் இடத்திலேயே பாதுகாப்புத் தொடங்குகின்றது. உடலுக்குப் பழக்கமான, மண்ணிற் கரைந்து பயிருக்கு உணவாகத்தக்க பொருளைத் தெரிந்தமை பாராட்டத்தக்கது.

இதனையும் 2021இல் வந்த போத்தற் பசளையையும் ஒன்றென எண்ணிக் குழப்பங்கொண்ட கமக்காரர் பலர். அவை வேறு வேறு. இந்தியாவில் நனோக் கமத்தொழிற் பொருள்களை மதிப்பிடும் வழிகாட்டி 2020இல் வெளிவந்தது. திரவ நனோ யூரியா 2021 பெப்ரவரியில் அந்நாட்டுப் பசளைக் கட்டுப்பாட்டுச் சட்டப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அப்போது அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றில் நைதரசன் நூற்றுக்கு நான்கு வீதம். அதாவது ஒரு போத்தலில் 20 கிராம். 45 கிலோகிராம் யூரியா மூடை ஒன்றில் நைதரசன் 20 கிலோகிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்திலொரு பங்கு கொண்ட போத்தல் ஒரு மூடைக்கு ஈடாகும் என்றே விளம்பரஞ் செய்யப்பட்டது. கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் 2023இல் இக்கூற்றுக்குப் போதிய விஞ்ஞான ஆதாரமில்லை என எழுதினர். இந்தியாவின் பஞ்சாப் கமத்தொழிற் பல்கலைக்கழகத்தார் இரண்டு ஆண்டுகள் வயலிற் சோதித்தபோது, யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக இத்திரவத்தை விசிறிய வயலில் நெல் விளைவு நூற்றுக்கு 13 வீதமும் கோதுமை விளைவு 21.6 வீதமும் குறைந்தன; தானியத்தின் நைதரசனும் குறைந்தது.

இது பாதுகாப்புப் பற்றிய பேச்சன்று என்று சிலர் கருதலாம். யான் அவ்வாறு கருதவில்லை. பயிருக்குச் சோறு போதாமற் போவதும், அரிசியிற் புரதம் குறைவதும், கடன்பட்டு விதைத்தவன் வீட்டில் உலை ஏறாமற் போவதும் உடல்நலக் கேடுகளே. யூரியாவுக்கு முழு ஈடென்று இத்தகைய திரவத்தை நம்பி மேற்பசளையை நிறுத்தற்க. மண்பரிசோதனைப்படி இடவேண்டிய நைதரசனைக் கணக்கிட்டு, போத்தலில் உள்ளது எத்தனை கிராம் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்க.

விசிறும்போது

முதியவரின் முதற் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். மூக்கைக் கட்டத்தான் வேண்டும். நனோப் பொருள்கள் உடலுட் புகும் வழிகளுள் மிகவும் ஆராயப்பட்டதும் மிகவும் கவலைக்குரியதும் சுவாசமே. முதுகுத் தெளிகருவியின் துளிகள் பெரும்பாலும் பெரியவை. அவை இலையிலும் நிலத்திலும் விழுந்துவிடும். ஆயின் எல்லாத் துளிகளும் ஒரே அளவினவல்ல. மிக நுண்ணிய துளி காற்றில் மிதந்து, நீர் உலர, உள்ளிருந்த துணிக்கையுடன் நெஞ்சுக்குட் செல்லக்கூடும். புகைபோல அடிக்கும் இயந்திரத் தெளிகருவியில் இது மிகும், தேய்ந்துபோன நுனிக்குழாய் சில வேளை துளியின் அளவையே கெடுத்துவிடும், பழையதை மாற்றுக. பொடியாக வரும் பொருளாயின், தண்ணீரிற் கலப்பதற்கு முன் பொதியைத் திறந்து கொட்டும் அந்த ஒரு நிமிடமே முழு நாளிலும் ஆபத்தான நிமிடம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பாத்திரத்தின் வாயருகே பொதியைத் தாழ்த்தி, மெல்லக் கொட்டுக.

சால்வையைச் சுற்றிக் கட்டுவது வெயிலுக்கு உதவும்; நுண்டுகளுக்கு உதவாது. கொரோனாக் காலத்தில் நாம் பழகிக்கொண்ட என்–95 வகை முகமூடி இதற்கு ஏற்றது. சிறு துணிக்கை முகமூடியின் இழைகளுக்கிடையே எளிதில் நுழைந்துவிடும் என்று நினைப்பது இயல்பே. உண்மை வேறு. மிகச் சிறிய துணிக்கைகள் காற்றில் நேரே செல்லாமல் அங்குமிங்கும் துடித்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்வதால், அவை எளிதாகவே அகப்படுகின்றன. முகத்தோடு பொருந்தாமல் ஓரத்தில் இடைவெளி விட்டால் மட்டும் எந்த முகமூடியும் பயனற்றது. தாடியுள்ளோர் இதைக் கவனிக்க.

தோலைப் பற்றி அத்துணை அஞ்சவேண்டியதில்லை. வெயிற்காப்புப் பூச்சுகளில் உள்ள நாக, தைத்தானியத் துணிக்கைகளைக்கொண்டு செய்த ஆராய்ச்சிகளில், குறையற்ற தோலின் மேற்படையைக் கடந்து அவை உள்ளே பெரிதாகச் செல்லவில்லை. ஆயின் சேற்றுப்புண்ணும் வைக்கோற் கீறலும் இல்லாத கால் நம்மிடையே யாருக்கு உண்டு? புண்ணுள்ள நாளில் விசிறலை வேறொருவரிடம் விடுக, அன்றேல் மூடிக்கொள்க. விசிறிய கையுடன் வெற்றிலை போடுவதும் சுருட்டுப் பற்றவைப்பதும் எம்மருந்துக்கும் ஆகாதன, இதற்கும் ஆகா.

இரண்டாவது கேள்விக்கு விடை, வாய்க்காலில் ஊற்றற்க என்பதே. மிச்சம் வராதபடி அளந்து கலப்பதே முதல் வழி. வந்தால், அதே பயிரின் விசிறாத ஓரத்தில் விசிறி முடிக்க. தெளிகருவியைக் கழுவும் நீரையும் வயலுக்குள்ளேயே, குளத்துக்கும் கிணற்றுக்கும் தொலைவான மூலையில் விடுக. நீரிலே சென்ற துணிக்கை மண்ணிலே தங்கியதைப்போல ஓரிடத்தில் நிற்பதில்லை. அங்கே அதை முதலில் உண்பவை நுண்ணுயிர்களும் மீன்குஞ்சுகளுமே.

கடையில் நனோ என்றெழுதிய பொருளைக் கண்டால், விலையைக் கேட்கும் முன் சிட்டையை வாசிக்க. பீடைநாசினியாயின், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற இலக்கம் இருத்தல் வேண்டும். பசளைகளுக்கு 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அதற்குரிய இடம் தேசிய உரச் செயலகம். துணிக்கை எப்பொருளாலானது, அது நீரிற் கரையுமா, எத்தனை நனோமீற்றர், மேலே என்ன பூசியுள்ளது என்று விற்பவரிடம் கேட்க. அவருக்குத் தெரியாதென்பதில் வியப்பில்லை. கம்பனியாரிடம் எழுதிக் கேட்க. வெறும் விளம்பரத்துக்காக நனோ என்று அச்சிட்ட சாதாரண சரக்கும் உண்டு. அதனாற் கேடு பணத்துக்கு மட்டுமே.

அடுத்த போகத்தில் அம்முதியவரின் வளவுக்குச் சென்று, முன் சொன்ன விடை அரைகுறையானது என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் அண்டைக்கே மூக்கைக் கட்டிப்போட்டன் தம்பி" என்றார். பின்னர்க் கொட்டிலுக்குள் கையைக் காட்டினார். அங்கே அந்த வெற்றுப் போத்தல்கள் நான்கும் கழுவி அடுக்கப்பட்டு, ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றொன்றில் நல்லெண்ணெயும் நிறைந்திருந்தன. நல்லெண்ணெயை வேறு போத்தலுக்கு மாற்றுவித்து, ஏனையவற்றைத் துளையிட்டு எடுத்து வந்தேன். வெற்றுப் போத்தல்களை வீட்டுப் பாவனைக்கு வைத்திருப்போர் அவற்றைச் சிட்டை கிழிக்காமல் போதனாசிரியர் அலுவலகத்திற் கொண்டுவந்து ஒப்படைக்க.